காத்திருப்பின் விலை: மலிவு வைன்களும் நிலவறைகளும்

பழசாக ஆக வைன் ருசி கூடும் என்பது வைனையே தொடாதவர்களுக்கும் தெரிந்த சங்கதி. வயதானவர்களைப் பாராட்டும்போதுகூட இந்த உவமையை எடுத்துவிடுகிறோம். ஆனால், உலகில் தயாராகும் வைனில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதைப் பத்து வருடம் வைத்திருந்து திறந்தால் நிறம் மங்கி, மணம் போய், பழைய அட்டைப்பெட்டியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு சிறு பகுதிதான் வயதைத் தாங்கும். வயதால் மெருகேறுவது அதிலும் சிறு பகுதி.

அந்தச் சிறு பகுதி என்றதும் ஏலக்கூடங்கள், போர்தோ மாளிகைகள், ஆயிரக்கணக்கான வெள்ளி என்று நம் மனம் ஓடுகிறது. வைன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காலத்தைத் தாங்கும் குணத்துக்கும் விலைச்சீட்டுக்கும் உள்ள உறவு பிற்காலத்தில் ஏற்பட்டது. அதுவும் மனிதர்கள் ஏற்படுத்தியது.

ஒரு வைன் முதிர்வதற்கு மூன்று வேண்டும். தாங்கக்கூடிய சரக்கு, காற்றுப் புகாத பாத்திரம், குளிர்ச்சியான இடத்தில் அதை வைத்துவிட்டுக் காசுக்கு அவசரப்படாமல் இருக்கக்கூடிய ஆள். முதல் இரண்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர் யார், அவருக்கு அந்த அவகாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வைனின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது.

சாடியும் பீப்பாயும்

பழைய வைனை முதலில் கொண்டாடியவர்களில் ரோமானியர் முக்கியமானவர்கள். அவர்களுடைய பாத்திரம் ஆம்போரா: இரண்டு கைப்பிடியும் கூரான அடியும் கொண்ட மண்சாடி. உள்ளே பிசின் பூசி, வாயைத் தக்கையாலும் சுண்ணச்சாந்தாலும் அடைத்தால் காற்று அவ்வளவு எளிதில் நுழையாது. கி.மு. 121இல் ஒபிமியஸ் கான்சலாக இருந்த ஆண்டின் விளைச்சல் அவர் பெயராலேயே புகழ்பெற்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதிய பிளினி, அந்த வைன் இன்னும் மிச்சமிருப்பதாகவும் கசப்பேறிய தேன்போல இறுகிவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். மருத்துவர் கேலன், பேரரசருக்கு மருந்து கலக்க அரண்மனை நிலவறையில் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஃபலெர்னியன் வைன்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து, கசப்பு ஏறாததைத் தேடியிருக்கிறார்.

இது அரண்மனைக் கதை. தெருக் கதை பாம்பெய் நகரச் சுவரில் இருக்கிறது. ஒரு மதுக்கடையின் விலைப்பட்டியலை அங்கே கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சாதாரண வைனுக்கு ஓர் அஸ் காசு, அதைவிட நல்லதற்கு இரண்டு, ஃபலெர்னியனுக்கு நான்கு. சாமானியனுக்கும் மேல்தட்டு வைனுக்கும் இடைவெளி நான்கு மடங்குதான்! கடைக்காரன் கொடுத்தது அசல் ஃபலெர்னியன்தானா என்பது வேறு விஷயம். புதுப்பணக்காரர்களின் பகட்டைக் கேலி செய்த பெட்ரோனியஸ், தன் கதாபாத்திரமான திரிமால்கியோவை விருந்தில் நூறு ஆண்டுப் பழமையான ஒபிமியன் என்று சீட்டுக் கட்டிய சாடிகளை இறக்க வைக்கிறார். பழைய வைன் அப்போதே பீற்றிக்கொள்ளும் பொருளாகியிருந்தது.

இந்தச் சாடிகள் நம் கரைக்கும் வந்தன. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரரின் புறநானூற்றுப் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கடல் தாண்டிக் கெடாமல் வந்ததற்குக் காரணம் அந்தக் கலம்தான்.

கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளில் மரப்பீப்பாய் மெல்ல மெல்ல ஆம்போராவின் இடத்தைப் பிடித்தது. உருட்டலாம், உடையாது, ஏற்றி இறக்க வசதி. ஆனால் மரம் மூச்சுவிடும். அளவு குறையக் குறைய உள்ளே காற்று சேர, வைன் காடியாகும். அதனால் அடுத்த ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஐரோப்பாவில் நிலைமை தலைகீழானது. புதிய வைனுக்கே விலை, பழையது கழிவு.

1152இல் அக்கித்தேனின் எலியனோர் ஹென்றி பிளான்டஜெனட்டை மணந்தபின், 1453 வரை போர்தோ பகுதி ஆங்கில அரசகுலத்தின் கையில் இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புது வைன் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போகும். அவை வந்து சேர்ந்ததும் போன வருடத்துச் சரக்கின் விலை விழுந்துவிடும். இன்று ஐம்பது வருடம் வைக்கலாம் என்று மார்தட்டும் அதே போர்தோ வைனை, அன்று ஒரு வருடம் தாண்டி வாங்க ஆளில்லை. மண் மாறவில்லை. பாத்திரம் மாறியது.

நிலக்கரி தந்த புட்டி

1615இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை விதித்தார். கப்பல் கட்ட மரம் வேண்டும், காடு குறைகிறது என்பதே காரணம். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரி உலையின் வெப்பம் அதிகம். கிடைத்த கண்ணாடி தடித்து, கறுத்து, உறுதியாக இருந்தது. 1630களில் இந்தப் புட்டியைச் செம்மைப்படுத்தியவராகக் கெனெல்ம் டிக்பியைச் சொல்கிறார்கள். வைனுக்காக யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. கப்பற்படைக்கு மரம் சேமிக்கப் போய் வைனுக்கு ஆயுள் கூடிவிட்டது.

ஆரம்பத்தில் புட்டிகள் அடி பருத்து வெங்காயம் மாதிரி இருந்தன. செல்வந்தர்கள் தங்கள் முத்திரை பதித்த புட்டிகளைச் செய்து, வணிகரிடம் கொடுத்துப் பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். 1663இல் தன் குடும்பச் சின்னம் பொறித்த ஐந்தாறு டஜன் புட்டிகளில் வைன் நிரப்புவதைப் போய்ப் பார்த்த மகிழ்ச்சியை சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புட்டி உருளை வடிவம் பெற்றது. உருளை என்றால் படுக்கவைக்கலாம். படுக்கவைத்தால் தக்கை நனைந்தே இருக்கும். காய்ந்து சுருங்காது, காற்றும் புகாது. ஆம்போராவோடு போன வசதி இப்படித் திரும்பி வந்தது.

இந்தப் புது வசதியை ஆங்கிலேயர் எந்த வைனில் பழகினார்கள் என்று பாருங்கள். பிரான்சோடு ஓயாத சண்டையால் பிரெஞ்சு வைனுக்குக் கடும் வரி. 1703இல் போர்ச்சுக்கலுடன் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தப்படி போர்ச்சுக்கீசிய வைனுக்குப் பிரெஞ்சு வைனைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. போர்ட் வைன் இங்கிலாந்தில் பரவியதற்கு அதன் ருசி காரணமில்லை, மலிவு. அது முரட்டுச் சரக்கு. கறுப்பு நிறம், நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, பயணத்தில் கெடாமலிருக்கப் பிராந்திக் கலப்பு வேறு. எல்டர்பெரிச் சாற்றை நிறத்துக்காகக் கலந்து விற்றவர்களும் உண்டு. அந்த மோசடியும் விலைச் சரிவும் சேர்ந்துதான் 1756இல் போம்பல் பிரபு டோரோ பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்துச் சட்டம் போடக் காரணமாயின.

உடனே குடிக்க முடியாத அந்த முரட்டு வைனைப் புட்டியில் அடைத்துப் பல வருடம் போட்டுவைத்தபோது, துவர்ப்பு மண்டியாக அடியில் படிந்து மேலே இருப்பது வழவழப்பானது. மேட்டுக்குடியினர் பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு 'பைப்' போர்ட் வாங்கி வைக்கும் வழக்கத்துக்கு வந்தார்கள். ஒரு பைப் என்றால் சுமார் 550 லிட்டர். வரிச்சலுகையில் வந்த மலிவுச் சரக்கு, இருபத்தோரு வருடம் காத்திருக்க முடிந்தவன் வீட்டில் குலச்சொத்தானது.

விலை எப்படிச் சான்றிதழ் ஆனது

1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோவின் தரகர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மெதோக் பகுதிச் சிவப்பு வைன்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டன. தரகர்கள் அதற்காக மண்ணை ஆராயவில்லை. பல காலமாகச் சந்தையில் எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போனது என்பதே அளவுகோல். பட்டியல் ஏறக்குறைய அப்படியே உறைந்துவிட்டது. 1973இல் முத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டிலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான் பெயர்சொல்லும் ஒரே மாற்றம். நேற்றைய விலை இன்றைய தரமாகி, இன்றைய தரம் நாளைய விலையானது. நிலவறையில் வைக்கத் தகுந்தவை இவை என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டது. பட்டியலுக்கு வெளியே இருந்த நூற்றுக்கணக்கான சிறு தோட்டங்கள் அதே சரளை மண்ணில் அதே கொடிகளை வளர்த்தன. 1932இல் 'க்ரு பூர்ஷ்வா' என்று 444 பெயர்களைத் தொகுத்துத் தனிப் பட்டியல் போட்டார்கள். நல்ல ஆண்டில் அவற்றில் பலவும் பத்து, பதினைந்து வருடம் நின்றன. கொண்டாடத்தான் ஆளில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது? வைனுக்கும் காற்றுக்கும் உள்ள உறவை லூயி பாஸ்டர் ஆராய்ந்து 1866இல் நூலாக வெளியிட்டார். அளவில்லாத காற்று கெடுக்கும், மிகச் சிறிதளவு பக்குவப்படுத்தும் என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது. சிவப்பு வைனில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருள்கள் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து கனத்துப் படிகின்றன. வெள்ளை வைனில் பெரும் பாதுகாவலன் புளிப்பு. இனிப்பும் கைகொடுக்கும். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, இவற்றைத் தாங்கப் போதிய சாரம். இந்தப் பட்டியலில் தோட்டத்தின் பெயரோ மாளிகையின் படமோ இல்லை.

அப்படின்னா மலிவான வைன் ஏன் அதிகம் முதிர்வதில்லை? காத்திருப்பதற்குச் செலவு இருக்கிறது. சரக்கை விற்காமல் வைத்திருப்பது என்றால் அவ்வளவு நாளும் காசு முடங்கிக் கிடக்கும். கடனில் ஓடும் சிறு விவசாயி அறுவடை முடிந்ததும் விற்றாக வேண்டும். அதனால் உடனே குடிக்கத் தோதான வைன் செய்ய வேண்டும், அல்லது திராட்சையாகவே வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும். காலம் என்ற மூலப்பொருள் அவன் கையில் இல்லை.

பார்பரெஸ்கோவின் பத்தொன்பது பேர்

இதற்கு மாற்று வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். வட இத்தாலியின் பியமோந்தேயில் பார்பரெஸ்கோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே விளையும் நெபியோலோ திராட்சை புளிப்பும் துவர்ப்பும் ஒருசேர மிகுந்தது. இளமையில் வாயைக் கட்டிப்போடும். பக்கத்து பரோலோவுக்குப் பெயர் இருந்தது, பார்பரெஸ்கோவுக்கு இல்லை. இங்கு விளைந்த திராட்சை பரோலோ செய்பவர்களுக்கும் விற்கப்பட்டது. ஆல்பா நகர வைன் கல்லூரியின் தலைவராக இருந்த டொமிசியோ கவாட்சா, 1894இல் ஒன்பது திராட்சைத் தோட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு நிலவறை தொடங்கினார். ஊரின் பெயரிலேயே வைன் வந்தது. பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது.

1958இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மாரெங்கோ அந்த யோசனையைத் தூசிதட்டி எடுத்தார். போருக்குப் பின் இளைஞர்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தனித்தனியாக நின்றால் நிலம் கைவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரிந்தது. பத்தொன்பது சிறு விவசாயிகள் சேர்ந்தார்கள். கட்டடம் இல்லை. முதல் மூன்று ஆண்டு வைனைத் தேவாலயத்தின் அடித்தளத்தில் செய்தார்கள். அதன்பின்தான் சதுக்கத்தின் எதிர்ப்புறம் சொந்தக் கட்டடம் எழுந்தது.

இன்று 'புரொடுத்தோரி டெல் பார்பரெஸ்கோ' என்ற அந்தச் சங்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் தங்கள் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே தர வேண்டும். திராட்சையின் தரத்தைப் பார்த்தே பணம். நல்ல ஆண்டுகளில் ஒன்பது தனித் தோட்டங்களின் வைனைத் தனித்தனிப் புட்டிகளில் அடைக்கிறார்கள். ஆண்டு சுமாராக இருந்தால் அந்த ஒன்பதும் சாதாரணப் பார்பரெஸ்கோவுக்குள் கலந்துவிடும். அதாவது, மோசமான ஆண்டில் மலிவான புட்டிக்குள் சிறந்த தோட்டங்களின் சாறு இருக்கும்! சட்டப்படி பார்பரெஸ்கோ குறைந்தது 26 மாதம், 'ரிசர்வா' 50 மாதம் முதிர்ந்த பிறகே வெளியே வர முடியும். அந்த மாதங்களைத் தனி விவசாயி தாங்க முடியாது, சங்கம் தாங்குகிறது. அதே ஊரின் பிரபல பெயர்களோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறிய பங்கு. பத்து, இருபது ஆண்டு வைக்கும் வைன் என்று இதைத் தேடி வாங்குபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஸ்பெயினின் ரியோஹா வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே காத்திருக்கும் வேலையைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொள்கிறார். 'ரிசர்வா' என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். 'கிரான் ரிசர்வா' ஐந்து ஆண்டு, அதில் இரண்டு பீப்பாயில். ஹாரோ நகரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் டி எரேதியா போன்ற நிலவறைகள் சட்டம் கேட்பதைவிட நெடுங்காலம் வைத்திருந்தே விற்கும். நிலவறை இல்லாத ஒருவர், வேறு யாரோ காத்திருந்த பொழுதை நியாய விலையில் வாங்கிக்கொள்ளலாம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு. சிட்னிக்கு வடக்கே, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடம். திராட்சைக்கு ஏற்ற ஊரே இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். மழைக்குப் பயந்து செமியோன் திராட்சையைச் சர்க்கரை ஏறும் முன்பே பறித்துவிடுவார்கள். அதனால் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். மரப்பீப்பாய் கிடையாது. இளமையில் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும் அதை, ஏதோ சப்பென்ற வைன் என்று ஒதுக்குவது எளிது. பத்து வருடம் கழித்து அதே புட்டியில் வறுத்த ரொட்டி, தேன், மெழுகு வாசனைகள் எழுகின்றன. மரத்தையே தொடாத வைனில் இந்த மணம் எப்படி என்று பழக்கமில்லாதவர்கள் குழம்புவார்கள். நெடுங்காலம் இதற்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. 'ஹன்டர் ரிவர் ரீஸ்லிங்' என்று இரவல் பெயரில் விற்றார்கள். 2000த்தில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் கூட்டாகத் திருகுமூடிக்கு மாறியபின் ஆஸ்திரேலிய வெள்ளை வைன்கள் பெரும்பாலும் தக்கையைக் கைவிட்டன. கெட்ட தக்கையால் வீணாகும் அபாயமும் போனது.

எதிர்த்திசையில் போன கதையும் உண்டு. தென்மேற்குப் பிரான்சின் மதிரான் ஊர், தன்னா என்ற கடுந்துவர்ப்புத் திராட்சைக்குப் பேர்போனது. மலிவு விலையில் பத்து வருடம் தாராளமாக நிற்கும் வைன். ஆனால் அதுவரை காத்திருக்க ஆளில்லை. 1990களின் தொடக்கத்தில் அங்கே பத்ரிக் தூகூர்னோ, வைனுக்குள் நுண்ணிய அளவில் ஆக்சிஜனைச் செலுத்தித் துவர்ப்பை முன்கூட்டியே தணிக்கும் முறையை உருவாக்கினார். விவசாயிக்கு அது உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் காத்திருக்க நேரமற்ற சந்தைக்கு வைன் எப்படித் தன்னை மாற்றிக்கொண்டது என்பதும் அதில் தெரிகிறது.

வெயில் ஊரில்

வைன் முதிர 12, 13 பாகை நிலையான குளிர்ச்சி வேண்டும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பகலில் முப்பதைத் தாண்டும். பகலில் அடைத்துக் கிடந்து இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் அடுக்குமாடி அறை, வைனுக்குச் சிறைவாசம். வெப்பத்தைப் பகையாகக் கொள்ளாத வைன் மதேரா போல அபூர்வம். கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்து சூடேறியதே அதற்குக் குணமானது. மற்றவற்றுக்கு இங்கே குளிர்பெட்டி வேண்டும், மின்கட்டணம் வேண்டும். ஆக, மலிவான வைனை இங்கே வயதாக்குவது மலிவான காரியமில்லை.

நம் பாட்டன்மார் இந்த மண்ணில் குடித்தது காத்திருக்கவே தெரியாத மது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும், மறுநாளுக்கு ஆகாது. தோட்டத்துக் கள்ளுக்கடை அன்றன்றைய உழைப்பின் களைப்பில் அன்றன்றைக்கே கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1946, 47இல் கெடாவில் தொண்டர் படையினர் அந்தக் கடைகளை எதிர்த்து நின்றது வெறும் ஒழுக்கப் பிரச்சாரம் இல்லை. தங்கள் நாளும் கூலியும் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் முதிர்ந்த மது அரண்மனைக்கு மட்டுமே உரியது என்று நம் பழம்பாடல்கள் நினைக்கவில்லை. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய ஒரு புறநானூற்றுப் பாடலில், மண்ணில் புதைத்துவைத்துப் பக்குவமான மது வருகிறது. நிலவறையின் ஆதி வடிவம் அதுதானே? அந்த மது புல் வேய்ந்த குடிசைதோறும் வழங்கப்படுகிறது. மூவேந்தர் முற்றுகைக்குப் பின் அழிந்த ஒரு நாட்டை நினைத்து வருந்தும் பாடல் அது. கபிலர் இழப்பின் கணக்கில் இதையும் சேர்த்திருக்கிறார்.

நல்ல வைனைக் காத்திருந்து குடிப்பது பணக்காரர்களின் ரசனை என்று சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. ரசனை யாருக்கும் வரும். அவகாசம்தான் சிலருக்கு மட்டும் இருந்தது. பார்பரெஸ்கோவின் பத்தொன்பது பேர் தனித்தனியாக அதை வாங்கியிருக்க முடியாது, சேர்ந்தபோது முடிந்தது. இங்கேயும் நாலு நண்பர்கள் சீட்டுப் பிடிப்பதுபோல் காசு போட்டு, ஒரு குளிர்பெட்டியைப் பகிர்ந்து, ஆறு ஹன்டர் செமியோனை வாங்கி வைத்து, வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கலாம். முதல் புட்டி எலுமிச்சைத் தண்ணீராக இருக்கும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னும் ஐந்து இருக்கிறது.